சர்வர் விழுவதோடு முடிவதில்லை

பஃபர் ஓவர்ஃப்ளோ, அதாவது நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைவிட அதிகத் தரவு வந்து வழிவது, நடந்தால் சர்வர் விழும், தானாக மறுபடி எழும், அவ்வளவுதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதை ஏற்கவே முடியாது. 1988இல் மோரிஸ் வார்ம் என்ற, தானாகப் பரவும் நிரல், பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சர்வருக்குள் நுழைந்த வழியைப் பாருங்கள். ஒதுக்கிய இடம் 512 பைட், உள்ளீட்டை வாங்கியது நீளமே பார்க்காத கெட்ஸ் ஃபங்ஷன், வந்து விழுந்தது 536 பைட். வழிந்த பகுதி, ஃபங்ஷனின் தற்காலிக நினைவகமான ஸ்டாக்கில் இருந்த ரிட்டர்ன் முகவரியை (ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்பதை) மாற்றி எழுதியது. சர்வர் விழவில்லை, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லைத் திறந்து கொடுத்தது.

இப்போதுதான் ஸ்டாக் கேனரி (ரிட்டர்ன் முகவரிக்கு முன் வைக்கும் ரகசிய எண்; அது மாறியிருந்தால் நிரல் நின்றுவிடும்) இருக்கிறதே என்பார்கள். பாதிதான் உண்மை. ஃபோர்க் மட்டும் செய்யும், அதாவது தன்னையே நகலெடுத்து சைல்டு பிராசஸ்களை உருவாக்கும் சர்வரில் எல்லா சைல்டுக்கும் ஒரே கேனரி. தாக்குபவர் ஒவ்வொரு பைட்டாக ஊகித்து அனுப்புவார். தப்பானால் சைல்டு சாகும், சரியானால் பதில் வரும். 64 பிட் லினக்ஸில் கேனரியின் 8 பைட்டில் ஒன்று எப்போதும் பூஜ்யம். மீதி 7க்கு அதிகபட்சம் 7 × 256 = 1792 முயற்சி போதும். செத்த சைல்டுக்குப் பதில் இன்னொன்றை எழுப்பும், கட்டுரை மெச்சும் அந்தத் தானியங்கி மறுதொடக்கம்தான் இத்தனை வாய்ப்பையும் தருகிறது! ஃபோர்க்குக்குப் பின் எக்ஸெக்கும் செய்தால், அதாவது நிரலைப் புதிதாக ஏற்றினால், ஒவ்வொரு முறையும் கேனரி மாறும்.

கோடில் முதலில் தேட வேண்டியது, பாக்கெட்டில் வரும் நீளத்தை இன்ட்டாக (மைனஸும் ஏற்கும் முழு எண்ணாக) வாங்கி '512க்குக் குறைவா' என்று மட்டும் கேட்கும் இடம். -1 அதில் தேறிவிடும். மைனஸ் அறியாத மெம்காப்பிக்கு (தரவை நகலெடுக்கும் ஃபங்ஷன்) போகும்போது அதுவே பிரம்மாண்டமான எண்.

லைப்ரரிக்குப் பேட்ச் போட்டதும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதுவரை நினைவகத்தில் ஓடுவது பழைய கோடுதான்.