மணி பார்த்தால் கருவின் வயது தெரியாது

நேற்று கருத்தரங்கில் இருந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும். "முட்டையை 36 மணி நேரம் அடைவைத்தாச்சு, எடுத்து வெட்ட வேண்டியதுதானே? உட்கார்ந்து சோமைட் எண்ணணுமா?" என்று, கோழிக்கருவில் வெட்டி ஒட்டும் சோதனை செய்கிற ஆய்வு மாணவியைக் கேட்டார்கள். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் வலிக்கிறது.

எண்ணத்தான் வேண்டும். சோமைட் என்பது கருவின் முதுகுப்பக்கம் இருபுறமும் ஜோடி ஜோடியாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் திசுக்கட்டி. மணிக்கணக்கு கருவின் வயதைச் சொல்லாது.

கருவியல் ஆய்வாளர்கள் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் 1951-இல் கோழிக்கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்தார்கள். 10-ஆம் நிலைக்கு அவர்கள் தரும் நேரமே 33 முதல் 38 மணி வரை இழுக்கிறது. முதன்மை அடையாளமோ தெளிவானது: 10 ஜோடி சோமைட். ஒரே தட்டில் ஒரே நேரத்தில் வைத்த முட்டைகளில் ஒன்று 7 ஜோடியோடு நிற்கும், பக்கத்து முட்டை 12-ஐத் தொட்டிருக்கும். கோழியின் உடலுக்குள்ளேயே வளர்ச்சி தொடங்கிவிடுகிறது. அது எவ்வளவு தூரம் போன பிறகு முட்டை வெளியே வந்தது என்பது முட்டைக்கு முட்டை மாறும். குளிரில் அதிக நாள் கிடந்த முட்டை தாமதமாகத்தான் கிளம்பும். குளிர்ச்சி நீங்குமுன்பே இன்குபேட்டரில் வைத்தால் சூடேறவே சில மணி போய்விடும்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? நியூரல் கிரெஸ்ட் செல்கள் என்பவை, மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாயின் மேல்விளிம்பிலிருந்து கிளம்பி உடலின் பல இடங்களுக்குப் போகும் செல்கள். நடுமூளைப் பகுதியில் அவை 9, 10-ஆம் நிலைகளில் குழாயை விட்டு நகரத் தொடங்குகின்றன. 12-ஆம் நிலையில் அந்த இடத்தை வெட்டிப் புதுத் துண்டு ஒட்டினால், போக வேண்டிய செல்களில் பெரும்பாலானவை முன்பே போயிருக்கும். எதிர்பார்த்த குறை தெரியாது. "இந்தச் செல்களுக்கு இங்கே வேலையில்லை" என்று ஆய்வேட்டில் பொய் ஏறிவிடும். காடைக்கருவின் துண்டைக் கோழிக்கருவில் ஒட்டுகிறவர்களைக் கேளுங்கள். காடை 17 நாளில் பொரிக்கும், கோழிக்கு 21. இரண்டையும் மணி பார்த்துச் சேர்க்க முடியுமா?

"வேண்டாத கருவைத் தூக்கிப்போட்டு வேண்டியதை வைத்துக்கொள்கிறார்கள்" என்றும் ஒருவர் சொன்னார். இது கனமான குற்றச்சாட்டு, பதில் சொல்லியே ஆக வேண்டும். கழிப்பது வெட்டுவதற்கு முன்னால். 9 முதல் 11 ஜோடி சோமைட் வரை உள்ள கரு மட்டும் என்ற விதி நோட்டில் முதலிலேயே எழுதியிருக்கும். கழித்த முட்டையும் கணக்கில் இருக்கும். முடிவைப் பார்த்துவிட்டுக் கழித்தால்தான் மோசடி.

நேரம் வீணாகிறதாம். ஊசியால் 2, 3 மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுக்காமல் ஓட்டில் ஜன்னல் வெட்டினால் கத்தரி நுனி கருவையே கிழித்துவிடும். வெட்டிய பிறகும் கரு கண்ணுக்குத் தெரியாது. நீர்த்த இந்தியன் இங்க்கை அதன் அடியில் மெல்லச் செலுத்தினால்தான் கறுப்புப் பின்னணியில் சோமைட்டுகள் வெள்ளை மணிகளாய் எழும்பும். மையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கரு செத்துப்போகும். இவ்வளவையும் செய்துவிட்டு, எண்ணும் ஓரிரு நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமா?

இப்படி எண்ணுகிற பிள்ளைகளுக்குத்தான் துறையில் "மெதுவானவர்கள்" என்று பெயர். முடித்த சோதனைகளின் எண்ணிக்கையில் பின்தங்குவதும் அவர்கள்தான். அவர்கள் வேகம் உண்மையிலேயே உறுத்துகிறது என்றால் பொது இன்குபேட்டரின் கதவை நினைத்தபோதெல்லாம் திறக்காதீர்கள். 38 டிகிரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிற கருக்கள் பின்தங்குகின்றன.