‘முதல் நிலை’ என்றால் தொடக்க நிலை அன்று

அணு மின் நிலையத்தில் அடிக்கப்படும் பாதுகாப்புப் பெயிண்ட் பூச்சைச் சோதிக்கும் ‘பூச்சு ஆய்வாளர்’ சான்றிதழைப் பற்றி ஒரு நண்பர், ‘முதல் நிலைப் பூச்சுதான் மிக எளிது, வகுப்பை முடித்துச் சான்றிதழை வாங்கினால் மறுநாளே வேலை’ என்று எழுதியிருக்கிறார். சுங்கை சிப்புட்டில் நம் பிள்ளைகள் சிலர் இதை நம்பிப் பணம் கட்ட முனைவதால் திருத்த வேண்டியுள்ளது.

அவர் இரண்டு வேறு நிலைகளைக் குழப்பிவிட்டார். ஆய்வாளரின் தகுதியில் முதல் நிலை தொடக்கம், மூன்றாவது உச்சம். பூச்சின் சேவை நிலையிலோ, அதாவது பூச்சு எங்கே பயன்படுகிறது, உரிந்தால் என்ன பாதிப்பு என்பதைக் கொண்டு பிரிக்கும் வகைப்பாட்டிலோ, முதல் நிலையே மிகக் கடுமையானது. அணு உலையைச் சூழ்ந்த காப்புக் கட்டடத்தினுள், உரிந்தால் விபத்துக்குப் பிந்திய பாதுகாப்பைக் கெடுக்கக்கூடிய பூச்சையே அது குறிக்கும். நம் செம்பனை ஆலைத் தொட்டியில் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்தால், துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி அடித்துவிடுவோம். அங்கே அதே செதில்கள், உடைந்த குழாயிலிருந்து கொட்டும் நீரோடு அடிக்குழிக்கு அடித்துச் செல்லப்பட்டு, அவசரக் குளிர்விப்புப் பம்புகளுக்கு முன்னுள்ள வடிகட்டியை அடைத்துவிடலாம். அதனால்தான் அப்பூச்சுகளை விபத்துச் சூழலின் வெப்பம், அழுத்தம், கதிர்வீச்சு ஆகியவற்றுக்கு உட்படுத்திச் சோதித்த பிறகே ஏற்கிறார்கள்.

‘மறுநாளே வேலை’ என்பதும் சரியன்று. வகுப்புச் சான்றிதழ் ஒரு படி மட்டுமே. பயிற்சி, அனுபவம், தேர்வு ஆகியவற்றைப் பார்த்து ஆய்வாளரைத் தகுதிப்படுத்துவதற்கென்றே ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிலை அமைப்பின் டி 4537 என்ற தனி வழிகாட்டி உண்டு. மேலும், மலேசியாவில் அணு மின் நிலையமே கிடையாது. 1982இல் இயங்கத் தொடங்கிய பாங்கி உலை 1 மெகாவாட் ஆராய்ச்சி உலை, மின்சாரம் தயாரிப்பதன்று. எனவே வேலை வெளிநாட்டில்தான். முதலில் சாதாரணப் பூச்சு ஆய்வைக் கற்று, தொட்டிகளிலும் குழாய்களிலும் பூச்சின் தடிப்பை மைக்ரான் கணக்கில் அளந்து பழகுவதே நல்லது.