கடலோரப் பாதுகாப்புக்கு ரேடார் வாங்கியாச்சு, சரி. கடலிலிருந்து மாமா போன் பண்ணினால் கேட்பது யார்?

போன வாரம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் மாமாவின் விசைப்படகில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வீல்ஹவுஸில் ஜிபிஎஸ், கடல் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் இருந்தன. கூடவே இஸ்ரோ தொழில்நுட்பத்தில் அரசு கொடுத்த டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கி அனுப்பும் பெட்டி. அதில் வரும் செய்தியைப் படிக்க புளூடூத்தில் ஒரு போனை இணைக்க வேண்டும். போன் எங்கே என்று கேட்டேன். "பேரன் கையில கெடக்கு மக்கா, கேம் வெளையாடுதான்" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பத்து வருடம் பெங்களூரில் ராணுவக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கிற வேலை பார்த்தவன் நான். இரண்டு பெட்டிகள் தனித்தனியே எல்லாச் சோதனையிலும் பாஸாகும். நடுவில் கேபிள் போட்டதும் இரண்டும் ஊமையாகிவிடும். சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்று பெரிய பெயரில் சொல்வது பெரும்பாலும் இந்தக் கேபிளைப் பற்றிய கவலைதான்.

இந்தக் கவலைக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1940இல் ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டன் மேல் குண்டு போட வந்தபோது ரேடார் பிரிட்டனிடம் மட்டும் இருக்கவில்லை. ஜெர்மனியிடமும் நல்ல ரேடார் இருந்தது. ஆனால் டவ்டிங் என்ற பிரிட்டிஷ் விமானப்படைத் தளபதி ரேடாரைச் சுற்றி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கடலோர ரேடார் நிலையங்களின் தகவல் தொலைபேசியில் ஓர் அறைக்கு வரும். அங்கே பொய்யையும் மெய்யையும் பிரிப்பார்கள். கரை தாண்டி உள்ளே வந்த விமானத்தை அந்த ரேடாரால் பார்க்க முடியாது. அதைப் பார்த்துச் சொன்னவர்கள் வயல்வெளியில் பைனாகுலரோடு நின்ற சாதாரண ஊர்க்காரர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க மறுமுனையில் ஆள் இருந்தது. என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டிலும் முக்கியமான பாகம் அந்த ஆள்தான்.

நம் பக்கம் வருவோம். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்த பத்துப் பேரும் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைக் கடத்தித்தான் வந்தார்கள். கரையேறியபோது அவர்களை முதலில் நிறுத்தி யார் என்று கேட்டவர்கள் மீனவர்கள். போலீசிடம் சொல்லியும் பெரிதாகக் கண்டுகொள்ளப்படவில்லை என்று செய்திகள் வந்தன. அதற்குப் பிறகு கலங்கரை விளக்கங்களில் ரேடார், மீனவர்களுக்கு அடையாள அட்டை, 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு, தான் யார், எங்கே இருக்கிறோம் என்று தானாகவே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி என்று நிறைய வந்தது. கரையிலிருந்து 12 நாட்டிக்கல் மைல் (சுமார் 22 கி.மீ.) வரை கடலோரக் காவல் போலீஸ், அதற்கு அப்பால் கடலோரக் காவல்படை, எல்லாவற்றுக்கும் மேலே கடற்படை. குறை சொல்லவில்லை, தேவையானவைதான். ஆனால் சின்ன ஃபைபர் வள்ளம் ரேடாரில் சரியாகத் தெரியாது. பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருப்பவன் கண்ணுக்குத் தெரியும்.

மாமாவுக்குத் தெரிந்தது. ஒரு ராத்திரி முட்டத்துக்கு நேரே, விளக்கும் இல்லாமல் நம்பரும் இல்லாமல் ஒரு படகு நின்றிருக்கிறது. ஓர் அலுவலகத்துக்கு போன் போட்டார். முதல் கேள்வி: "உன் படகு நம்பர் என்ன? கடலுக்குப் போக டோக்கன் வாங்கினியா?" மறுநாள் நேரில் வரச் சொல்லி அரை நாள் உட்கார வைத்தார்கள். அந்தப் படகு என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. "இனி கண்டாலும் காணாத மாதிரி போயிருவேன்" என்கிறார். எத்தனை கோடி ரூபாய் ரேடார் வந்தாலும் இந்த ஒரு வரியை ஈடுகட்டாது. டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் தோற்கடித்த குளச்சல் போரைப் பற்றி மேடையில் பேச நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை. இதைப் பேசத்தான் ஆள் இல்லை.

ஒக்கி புயலையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று புயலானபோது, நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள ஊர்களிலிருந்து பல நாள் முன்பே போன படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கரை வயர்லெஸ் சில பத்து நாட்டிக்கல்லோடு நின்றுவிடும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. புயல் வேறு துறை, பாதுகாப்பு வேறு துறை என்று ஃபைல் பிரிக்கிறார்கள். ஆனால் கம்பி ஒன்றுதான். புயல் செய்தியைப் படகுக்குக் கொண்டு போக முடியாத கம்பி, அந்நியப் படகைப் பற்றிய செய்தியை மட்டும் எப்படிக் கரைக்குக் கொண்டு வரும்? ஒருமுறை உயிரைக் காப்பாற்றிய கருவியை மீனவன் தானே துடைத்துப் பத்திரமாக வைத்திருப்பான். தன்னைக் கண்காணிக்கவே வந்தது என்று நினைத்தால் அதன் மேல் துண்டைக் காயப்போடுவான்.

திங்கட்கிழமை மாமாவின் படகு தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறது. என் பழைய போனில் ஆப்பை ஏற்றி, டிரான்ஸ்பாண்டரோடு இணைத்து, வீல்ஹவுஸ் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தேன். பேரன் கூடவே நின்று பார்த்துவிட்டுக் கேட்டான், "இதுல கேம் இருக்கா மாமா?"