பெறுபேறு வந்த அன்று நான் எழுதவில்லை

போன சனிக்கிழமை ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைகளுக்கு வீட்டில் படிப்பித்து, அதைப் பற்றி முகநூலிலும் யூடியூபிலும் எழுதுகிற, கதைக்கிற கிறிஸ்தவப் பெற்றோருக்கான ஒருநாள் கூட்டம். எங்கள் திருகோணமலையிலேயே, டச் பே கடற்கரைக்குக் கிட்ட ஒரு சபை மண்டபத்தில் நடந்தது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, கொழும்பு என்று ஒரு முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். நாலைந்து பேரைத் தவிர எல்லாரும் அம்மாமார். பாதிப்பேரைப் போனில் பார்த்துப் பழகியிருந்ததால், நேரில் கண்டதும் "அட, நீங்கள் இவ்வளவு உயரமா அக்கா?" என்றுதான் கதை தொடங்கியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முழு வீட்டுப் பள்ளிக்காரி இல்லை, அரைவாசிதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது மகள் முதலாம் ஆண்டு. ரீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயிற்சித்தாளைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். அப்படித் தொடங்கியதுதான். பள்ளி திறந்தது, 2022 இல் எரிபொருள் இல்லாமல் திரும்பப் பூட்டியது. அதற்குள் எனக்கும் கை பழகிவிட்டது, அவளுக்கும் என் குரல் பழகிவிட்டது. பிறகு பள்ளிக்கு ஒழுங்காக அனுப்பினேன், ரியூசனுக்கு மட்டும் அனுப்பவில்லை. ஒன்றரைக்குப் பள்ளி விட்டு, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, இரண்டரைக்கு ரியூசன் வாசலில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை நிற்கிற ஊர் இது. மாமி ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

பின்னேரங்களில் குசினி மேசையில் நடந்ததையெல்லாம் முகநூலில் எழுதினேன். சிப்பி எண்ணிப் பெருக்கல் வாய்பாடு படித்தது, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழுக்கும் வெப்பமானி கொண்டுபோய் எது கூடச் சூடு என்று அட்டவணை போட்டது, இப்படி. கன்னியாப் பதிவுக்கு விழுந்த லைக்குகளை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்கிறேன். அந்தப் பதிவுகளைப் பார்த்துத்தான் என்னை அழைத்தார்கள். அறிமுகம் செய்தவர் மைக்கைப் பிடித்து, "ரியூசன் இல்லாமல் மகளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்திய சகோதரி" என்றார். கை தட்டினார்கள். ஆயத்தப்படுத்தியது உண்மைதான். பிறகு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதலாவது அமர்வு ஸூமில், அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா. நல்ல மனிசி, கடகடவென்று தெளிவாகப் பேசினார், பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். அங்கே ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லும் என்றபோது மண்டபத்தில் பெருமூச்சு. ஆனால் அது சும்மா கிடைத்ததில்லை. வழக்கு மேல் வழக்காடி, 1993 அளவில்தான் கடைசி மாநிலமும் வழிக்கு வந்தது. இதற்கென்றே 1983 இல் சட்டத்தரணிகள் ஒரு சங்கம் தொடங்கி நடத்தினார்கள். அதைவிட எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. இந்த அலையின் தொடக்கம் சபைக்குள் மட்டும் இருக்கவில்லை. ஜோன் ஹோல்ட் என்றொரு ஆசிரியர், பள்ளிக்கூட முறையிலேயே நம்பிக்கை இழந்தவர், 1977 இல் ஒரு சிறு செய்தி மடல் தொடங்கினார். சமயத்துக்காகச் செய்தவரல்ல. அதில் பெரும்பகுதி பெற்றோர் எழுதிய கடிதங்கள். எங்கேயோ ஒரு கிராமத்தில் தனியாகத் தவித்த அம்மா எழுதியதை இன்னொரு மூலையில் இருந்த அம்மா வாசித்தாள். எழுதுவது ஏன் தேவை என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். ஒரு லைக்கும் இல்லாத காலத்தில் எழுதினார்கள்.

இரண்டாவது அமர்வில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பின்தொடர்பவர்களை எப்படிக் கூட்டுவது என்பது தலைப்பு. காலை வெயிலில் படம் எடுங்கள், மேசையைத் துப்புரவாக வையுங்கள், பிள்ளையின் முகம் தெரிந்தால் பார்வை கூடும், பிள்ளை கமராவைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தால் இன்னும் கூடும். ஒருவர் எழும்பி, "மகன் படம் எடுக்க விடுகிறானில்லை சிஸ்டர், என்ன செய்வது?" என்று கேட்டார். "சின்னதாக ஒரு பரிசு கொடுங்கள்" என்று பதில் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஏனென்றால் அந்தப் பரிசை நான் கொடுத்திருக்கிறேன். சொக்லட்.

மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, பாரை மீன் குழம்பும் கணவாய்ப் பிரட்டலும். அதற்குள் ஒரு கூத்து. கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் ஊருக்குள் சர்வசாதாரணமாகத் திரியும் என்பது நமக்குத் தெரியும், வெளியூராருக்குத் தெரியாது. மண்டப வாசலில் அடுக்கி வைத்திருந்த கைநூல்களில் ஒரு மான் வாய் வைத்துவிட்டது. "உங்கள் பிள்ளையின் கதையைச் சொல்வது எப்படி" என்ற தாளை அது நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருக்க, கொழும்புச் சகோதரி ஒருவர் ஓடிப்போய்ப் படம் எடுத்தார். நானும் ஒன்று எடுத்தேன்.

பின்னேரம் ஒரு போதகர் சூசன்னா வெஸ்லியைப் பற்றிப் பேசினார். மெதடிஸ்தக் குடும்பத்தில் பிறந்த எனக்குச் சின்ன வயதிலிருந்தே கேட்ட கதை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் அம்மா. பத்தொன்பது பிள்ளைகள் பெற்றார், பத்துப் பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். இங்கிலாந்தில் எப்வர்த் என்ற ஊரின் போதகர் மனையில் வைத்து நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் தானே படிப்பித்தார். ஐந்து வயதானதும் ஒரே நாளில் எழுத்து முழுவதையும் பிள்ளை படித்துவிடுமாம். வாசிக்க நன்றாக வரும்வரை பெண்பிள்ளைகளைக் கைவேலைக்கு விடுவதில்லையாம். போதகர் கடைசியில், "சகோதரிகளே, சூசன்னாவைப் போல எழும்புங்கள்" என்றார். ஆமென் சொன்னோம்.

வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, பிள்ளைகளைப் படிப்பித்த விதத்தைப் பற்றி சூசன்னா ஜோனுக்கு எழுதிய கடிதத்தைத் தேடி வாசித்தேன். மேடையில் சொல்லாமல் விட்டதெல்லாம் அதில் இருந்தது. அது 1732 இல் எழுதியது. ஜோனுக்கு அப்போது 29 வயது. அவர் கேட்டுத்தான் அம்மா எழுதினார். கடைக்குட்டிக்கே இருபது தாண்டிவிட்டது. அதாவது பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்து, வளர்ந்த மகன் வந்து கேட்ட பிறகு எழுதிய பதிவு அது. கெட்ட நாட்களையும் அதில் மறைக்கவில்லை. 1709 இல் வீடு எரிந்து பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் விட்டபோது, கட்டிவைத்த ஒழுங்கெல்லாம் குலைந்துபோனதென்று எழுதியிருக்கிறார். கடைசி மகள் கெசியாவுக்கு ஐந்து வயதாகும் முன்னரே தொடங்கியதால், மற்றவர்கள் மாதக்கணக்கில் படித்ததை அவள் படிக்க வருடக்கணக்கானது என்றும் இருக்கிறது. (மூன்று வயதில் பென்சிலைக் கையில் திணிக்கிற நம் அம்மாமார் அந்த ஒரு வரியையாவது வாசிக்கலாம்.)

ஆனால் அங்கேயும் ஒரு இடம் குத்தியது. ஒரே நாளில் எழுத்தைப் படித்தவர்களில் இரண்டு பேர் சேர்த்தி இல்லை. மொலியும் நான்சியும் ஒன்றரை நாள் எடுத்தார்கள், அதனால் இருவரும் சரியான மந்தம் என்று அப்போது நினைத்தேன் என்கிறார் அம்மா. ஊரில் மற்றப் பிள்ளைகள் எவ்வளவு காலம் எடுக்கிறார்கள் என்று பார்த்த பிறகு எண்ணத்தை மாற்றிக்கொண்டாராம். நல்லது. ஆனால் அவர் 1742 இல் இறந்தபோது ஜோன் அந்தக் கடிதத்தைத் தன் நாட்குறிப்போடு சேர்த்துவிட்டார், அது அச்சிலும் வந்துவிட்டது. கிட்டத்தட்ட முந்நூறு வருடம் கழித்து, திருகோணமலையில் ஒரு குசினி மேசையில் இருந்து நான் வாசிக்கிறேன், மொலி மந்தமாம். அரை நாள் பிந்தியதற்கு!

இடையில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். கேள்வி நேரத்தில் வவுனியாவிலிருந்து வந்த இளம் தாய் ஒருவர், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "பெரியவனைப் பள்ளிக்கே அனுப்பாமல் விட்டால் பிரச்சினை வருமா?" என்று கேட்டார். "விசுவாசத்தோடு அடி எடுத்து வையுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. எனக்குச் சரியான கோபம். இந்த நாட்டில் 5 வயதிலிருந்து 16 வரை கட்டாயக் கல்வி. முன்பு 14 வரை இருந்தது, 2016 இல் கூட்டினார்கள். வலயக் கல்விப் பணிமனையில் போய் விசாரியுங்கள், சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எப்படி விண்ணப்பிப்பதென்று இப்போதே கேட்டு வையுங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அமெரிக்காவில் நீதிமன்றப் படியேறி வாங்கிய உரிமையை இங்கே ஒரு ஜெபத்தால் தாண்டச் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். பள்ளிக்கூடமே விசுவாசமில்லாத உலகத்தாரின் இடம் என்ற பேச்சும் அங்கே அடிபட்டது. மிஷனரிமார் 1824 இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்ததையும், கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1945 இல் இலவசக் கல்வி கொண்டுவந்ததையும் மறந்துவிட்டு அப்படிப் பேசக் கூடாது. என் அம்மம்மா வேதாகமம் வாசித்தது பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்ததால்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

புலமைப்பரிசிலில் மகளுக்கு வெட்டுப்புள்ளி வரவில்லை. கொஞ்சத்தால்தான் என்று எழுத விரல் துடிக்கிறது, எழுதமாட்டேன். பரீட்சைக்கு முன்பு ஆயத்தம் பற்றிப் பதினொரு பதிவு போட்டவள், பெறுபேறு வந்த அன்று ஒரு சொல்லும் எழுதவில்லை. மறுநாள் முருங்கைக்காய்க் குழம்பின் படம் போட்டேன். அந்தப் பதினொரு பதிவையும் பார்த்து ரியூசனை நிறுத்திய அம்மாமார் உண்டு, உள்பெட்டியில் வந்து நன்றி சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரே பெறுபேற்றை நான் ஒளித்து வைத்துக்கொண்டேன். ரியூசனுக்கு அனுப்பாததால்தான் வரவில்லை என்று இப்போதும் நான் நம்பவில்லை. கன்னங்கரா காலத்தில் கிராமத்து ஏழைப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குக் கொண்டுவர வைத்த பரீட்சை, இன்று பத்து வயதுப் பிள்ளையின் நித்திரையைப் பறிக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் என்ன நினைக்கிறேன் என்பது வேறு, நடந்தது வேறு. நடந்ததையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது மகளிடம் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன்.

"கை தட்டினவையோ?"

"ஓம்."

"எனக்கு வரேல்ல எண்டு சொன்னனீங்களோ?"

"இல்லை."

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "அம்மா, அந்த அழுத படத்தை எடுத்துவிடுங்கோ" என்றாள்.

எந்தப் படம் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அவளே தேடிக் காட்டினாள். நாலாம் ஆண்டில், நீள்வகுத்தல் வராமல் கொப்பியில் தலையைக் கவிழ்த்து அழுகிறாள். கொப்பியில் ஒரு இடம் நனைந்து மை ஊறியிருக்கிறது. அதற்குக் கீழே நான் சங்கீதத்திலிருந்து "கண்ணீரோடே விதைக்கிறவர்கள்" என்று எழுதிப் போட்டிருக்கிறேன். கீழே ஆமென், ஆமென், ஆமென் என்று நீளமாகப் போகிறது. அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமாரும் ஆமென் போட்டிருக்கிறார்கள். "வகுப்பில எல்லாருக்கும் தெரியும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் இரண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு இருந்தோம். அவள் வேண்டாம் என்றதையெல்லாம் எடுத்தேன். சிப்பிப் படம் போகட்டும் என்றாள், கன்னியா இருக்கட்டும் என்றாள், ஆனால் தன் முகம் உள்ளதை எடுத்துவிட்டு அட்டவணையை மட்டும் விடச் சொன்னாள். தம்பியின் படங்களை என்ன செய்வது என்று கேட்டேன். அவனுக்கு எட்டு வயது. "அவன்ட்ட கேளுங்கோ" என்றாள். கேட்டேன். தான் அப்பம் சாப்பிடுகிற படம் மட்டும் இருக்கட்டுமாம்.

இனியும் எழுதுவேன். எந்தப் புத்தகம் உதவியது, எது வீண் காசு, பின்னத்தை நான் எப்படிப் பிழையாக விளங்கப்படுத்தினேன், எந்த நாள் கத்தினேன் என்றெல்லாம் எழுதுவேன். கத்தியது நான்தானே, அதை எழுத எனக்கு உரிமை உண்டு. அவளுடைய கண்ணீர் அவளுடையது. இருபத்தொன்பது வயதில் வந்து, "அம்மா, எப்படிப் படிப்பித்தீங்கள்?" என்று கேட்டால் அப்போது எழுதிக் கொடுக்கிறேன். கேட்காவிட்டாலும் சரி.

இந்தப் பதிவைப் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். புள்ளியைச் சொல்லக் கூடாது, படம் போடக் கூடாது என்றாள். பிறகு முழுவதையும் வாசித்து ஒரு வரியை வெட்டச் சொன்னாள். வெட்டிவிட்டேன். கீழே இருப்பது அந்த மான்.