தனுஷ்கோடியைப் பேய் ஊர் என்று சொல்லாதீர்கள்

போன வாரம் மதுரையிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடி போயிருந்தேன். இடிந்த சர்ச் முன்னால் ஒரு தம்பி செல்போனைப் பார்த்து, "மனுஷங்களே இல்லாத பேய் ஊர் இது" என்று வீடியோவுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு அக்கா சங்கு மாலை விற்றுக்கொண்டிருந்தார், அதை எத்தனை தடவை கேட்டிருப்பாரோ. அதிலிருந்து மனசு ஆறவே இல்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலும் கடலும் ஊரை அழித்தது உண்மை. பயணிகளோடு வந்த ரயிலும் போனது. அதுவரை சென்னையில் ரயில் ஏறி, இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போகலாம், அப்படிப்பட்ட ஊர். வாழத் தகுதியில்லை என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்துவிட்டன. ஏன் வந்தார்கள் என்பதைக் கடலைப் பார்த்தால்தான் புரியும். ஒரு பக்கம் வடகடல், அதைப் பெண்கடல் என்பார்கள், இன்னொரு பக்கம் தென்கடல், அது ஆண்கடல். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், அப்போது தெற்கே வலை போடலாம். தென்மேற்குக் காற்று எழும்பினால் வடக்கே. இப்படி ஒரு மணல்திட்டில் நின்று இரண்டு கடலையும் நம்பிப் பிழைக்கிற இடத்தை எந்த மீனவர் விடுவார்?

அண்ணி மகள் அந்த அக்காவிடம் மாலை வாங்கிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எங்கே எடுப்பீர்கள் என்று கேட்டாள். அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு எங்களைக் கூட்டிப்போய் காட்டினார். மணலில் தோண்டிய சின்னக் குழி, சுற்றிலும் உப்புக்கடல், உள்ளே ஊறுவதோ நல்ல தண்ணீர். கொட்டாங்கச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கோரிக் குடத்தில் ஊற்றினார். வேகமாகக் கோரினால் கலங்கிவிடுமாம்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கும் ஒரு கதை உண்டு. வீட்டுக்காரருக்கு மாற்றலாகி ஏழு வருடம் முன்னால் கீழக்கரைக்கு வந்தபோது முதல் மாதம் முழுக்க அழுதிருக்கிறேன். குழாயில் வருவது உப்பு, குடிக்கிற தண்ணீர் வண்டியில் விலைக்கு வரும், வண்டி வராத நாள் சமையலே தள்ளிப்போகும். "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்" என்று அதிகாரிகள் மிரட்டுவதாகச் சொல்வார்களே, அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். இங்கே குடியிருப்பவர்களுக்கு அதைக் கேட்டால் வலிக்கும்.

பக்கத்து வீட்டு ராத்தாதான் அந்த அழுகையை நிறுத்தினார். தினமும் ஒரு குடம் தண்ணீர் அவர் வீட்டிலிருந்து வரும், காசு கொடுத்தால் கோபம் வரும். நோன்புப் பெருநாளுக்கு அவர் தொதல் என்கிற அல்வா மாதிரியான இனிப்பைக் கிண்டும்போது நானும் துடுப்புப் பிடித்திருக்கிறேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து எண்ணெய் பிரிகிற வரைக்கும் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும், கை விட்டுப்போகும். அவர் சொல்லித்தான் பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைக் கவனித்துப் பார்த்தேன், கோயில் மண்டபத்துத் தூண்களைச் செதுக்குகிற அதே கைவேலை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதியின் ஊர் இது. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று பள்ளியில் படித்தபோது அவர் எந்த ஊர்க்காரர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கரையில் நின்றால் எதிரே தீவுகள். ராமேஸ்வரம் பக்கமிருந்து தூத்துக்குடி வரை மொத்தம் 21, எல்லாம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் வருபவை. அதில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். எங்கள் பக்கத்துப் பூவரசன்பட்டி அதில் ஒன்று. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வெட்டி வெட்டி எடுத்தார்கள், அலையைத் தடுக்க ஆளில்லாமல் தீவே கரைந்தது. அதனால் இங்கே வருகிறவர்கள் பவளத்துண்டை நினைவுக்காக வாங்கும்போது எனக்குப் பதறுகிறது. விற்பதும் வாங்குவதும் சட்டப்படிக் குற்றம். யாராவது ரகசியமாக நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விடிகாலை ராமேஸ்வரம், 22 தீர்த்தம், மத்தியானம் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை, சாயங்காலம் திரும்பி ரயில். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் வந்து போகிறார்கள். கோயிலுக்கு வருவதை நான் குறை சொல்லவில்லை, நானும் போகிறவள்தான். ஆனால் இரண்டு ராத்திரி தங்கினால் தேவிபட்டினத்தில் நவக்கிரகங்களாகக் கும்பிடுகிற, கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லையும் கூட்டமில்லாத காலையில் பார்க்கலாம், காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். அழகன்குளத்தில் ரோமானியர் காலத்துப் பானையோடுகள் கிடைத்த மண்ணில் நடக்கலாம், அங்கே பார்க்கப் பெரிதாக எதுவும் இருக்காது, இருந்தாலும் எனக்கு அந்த இடம் பிடிக்கும்.

தை, மாசியில் வந்தால் வெயில் தாங்கும், தனுஷ்கோடியில் பூநாரைகளும் இருக்கும். தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்துப் போங்கள். சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓலைக்கடைகளில் சாப்பிடுங்கள், மீனை அன்று காலை பிடித்துப் பொரிக்கிறார்கள். எங்கே தங்கலாம் என்று தெரியாதவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.