இல்லாத கையின் வலியும் இரண்டு படிப்புகளும்

புதுச்சேரியில் உளவியலும் மருத்துவமும் படிக்கும் இளைஞர்களோடு பேசும்போது, மூளையை முழுவதும் ஆராய்ந்துவிட்டால் மனத்தைப் பற்றித் தத்துவத்துக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது என்ற நம்பிக்கையைப் பலரிடம் காண்கிறேன். அந்த நம்பிக்கை தவறானது என்றே நான் கருதுகிறேன். கை அகற்றப்பட்டவர் அந்த இல்லாத கையில் உணரும் வலி ஒன்றே இதைக் காட்டப் போதும்.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த் 1641இல் வெளியிட்ட ‘தியானங்கள்’ நூலிலேயே இந்த வலி பேசப்படுகிறது. உள்ளிருந்து எழும் உணர்வும் நம்மை ஏமாற்றலாம் என்பதற்கு அவர் அதைச் சான்றாக்கினார். மனமும் உடலும் வெவ்வேறு பொருள்கள் என்று அவர் வாதிட்டபோது, இடத்தை அடைக்காத மனம் உடலை எப்படி அசைக்கும் என்று 1643இல் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் கடிதம் எழுதிக் கேட்டார். அக்கேள்விக்கு அவர் தந்த விடைகள் எலிசபெத்துக்கு நிறைவளிக்கவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் இதே வலியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். கையிழந்த சிலரின் முகத்தைத் தொட்டபோது, இல்லாத விரல்களைத் தொடுவதாக அவர்கள் உணர்ந்தார்கள். மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் முகத்துக்கான பகுதியும் கைக்கான பகுதியும் அடுத்தடுத்து இருப்பதால், கையிலிருந்து செய்தி வராமல் போன இடத்தை முகத்தின் செய்திகள் எடுத்துக்கொள்கின்றன என்பது அவர் தந்த விளக்கம். கண்ணாடியில் தெரியும் நல்ல கையின் பிம்பத்தை, இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் பார்த்தபோது, சிலருக்கு வலி குறைந்தது. எல்லாருக்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அதன் அடித்தளத்தைக் கவனிக்க வேண்டும்: நோயாளி “வலிக்கிறது” என்று சொன்னதால்தான் ஆய்வாளருக்கு அங்கே வலி இருப்பது தெரிந்தது. நரம்பணுக்களின் எந்தச் செயல்பாடு வலியோடு சேர்ந்தது என்பதையும் ஒருவர் வாய்விட்டுச் சொன்ன அனுபவத்தோடு ஒப்பிட்டே அறிகிறோம். அவ்வாறாயின், தன்னைப் பற்றி ஒருவர் சொல்வதை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம்? தத்துவ அறிஞர் யூ. டி. பிளேஸ் 1956இல் உணர்வைப் பற்றி வாதிட்டதுபோல, வலியும் மூளை நிகழ்வும் ஒன்றேதானா? அல்லது, முற்றிலும் வேறான மூளை கொண்ட ஆக்டோபஸுக்கும் வலிக்கக்கூடும் என்று 1960களில் தத்துவ அறிஞர் பட்னம் சுட்டியதை ஏற்று, வலியை அது ஆற்றும் பணியால் அடையாளம் காண வேண்டுமா? இந்நிகழ்வுகள் ஏன் அனுபவமாக உணரப்படுகின்றன என்று 1995இல் தத்துவ அறிஞர் சால்மர்ஸ் எழுப்பிய வினா இவற்றுக்கும் அப்பால் நிற்கிறது. இவை ஆய்வு முடிந்தபின் பொழுதுபோக்காகப் பேசும் வினாக்கள் அல்ல. சோதனையை வகுக்கும்போதே ஏதோ ஒரு விடையை மனத்தில் கொண்டுதான் வகுக்கிறோம்.

தத்துவம் படிப்போரிடமும் எனக்குக் குறை உண்டு. நரம்பியல் முடிவுகளைப் படிக்காமல் மனத்தைப் பற்றி வாதிடுவது சோம்பல். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மெர்லோ-போந்தி 1945இல் இந்த வலியை எழுதியபோது, அக்கால மருத்துவப் பதிவுகளை ஊன்றிப் படித்த பிறகே, நரம்பு மட்டுமோ நினைவு மட்டுமோ இதை விளக்காது என்றார். பிரெஞ்சு இன்றும் கற்பிக்கப்படும் இந்த ஊரில் அவரைப் படிப்பவர் அரிதாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்துறை இருக்கிறது. இரு இடத்து மாணவர்களும் ஒரே வகுப்பில் அமர்ந்து, இந்த ஒரு வலியை ஒரு பருவம் முழுவதும் படிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்பதே என் கோரிக்கை.