மரப்பட்டை லைக்கன் மரத்தைக் கொல்லாது

“மரத்தில் சாம்பல் திட்டு இருந்தால் அது சாறு உறிஞ்சும் பூஞ்சை, சுரண்டி மண்ணெண்ணெய் தடவுங்கள்” என்று சென்னைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்; பிரியாணியில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். உணவைப் பாசியே ஒளிச்சேர்க்கையில் தயாரிக்கிறது. மரப்பட்டை ஒட்டிக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான்.

லைக்கன் மேல் தெரியும் கரும்புள்ளிகள் அதன் சொந்த வித்துக்கூடாகவோ லைக்கனையே சார்ந்து வாழும் வேறு பூஞ்சையாகவோ இருக்கலாம். அத்தகைய பூஞ்சைகளை நெடுங்காலம் ஆராய்ந்த பிரிட்டன் விஞ்ஞானி டேவிட் ஹாக்ஸ்வொர்த், 1970-இல் பிரான்சிஸ் ரோஸுடன் சேர்ந்து, மரப்பட்டை லைக்கன்களை வைத்தே காற்றை மாசாக்கும் கந்தக டை ஆக்சைடு வாயுவின் அளவை மதிப்பிடும் அளவுகோலை வெளியிட்டார்.

வேப்பமரம் வாடினால் அடிமரத்தைச் சுற்றிப் போட்ட சிமென்டை முதலில் பாருங்கள்.